டிக்கெட் எடுத்தால்தான் சோறு

பித்தளை டம்ளரைக் கையில் எடுத்தார் என் மாமனார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. குழம்பை அப்போதுதான் ஊற்றியிருந்தேன்.

டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

"நைனா எங்க போறாரு?" என்றான் என் கொழுந்தன் ஏழுமலை, வாய் நிறையச் சோற்றோடு.

"மெஸ்ஸுக்கு," என்றார் என் வீட்டுக்காரர், இலையை விட்டுத் தலை நிமிராமல்.

நான் கரண்டியும் கையுமாக நின்றேன். புகுந்த வீட்டில் என் கையால் ஆக்கிப் போட்ட முதல் சாப்பாடு அது. ஒரு வாய் வைக்கவில்லை அந்த மனுஷர். குழம்பில் உப்பு அதிகமா, உறைப்பா, என்ன ஏது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.

"பொறந்த வூட்டுப் புராணமே பாடிக்கினு கீறியே, எப்பதாம்மா புகுந்த வூட்டுக்குள்ள கால் வெக்கப்போற?" என்று, நான் எழுதுவதைப் படித்துவிட்டுப் போன வாரம் என் மகளே கேட்டுவிட்டாள். இதோ வைத்துவிட்டேன். வைத்த காலே இந்த லட்சணம்.

பூட்டின அடுப்பங்கரை

சைதாப்பேட்டையில் பிறந்தவள் நான். மயிலாப்பூரில், மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் வாழ்க்கைப்பட்டேன். குண்டு விழும் என்று பட்டணத்தைக் காலி பண்ணிக்கொண்டு ஓடின ஜனமெல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். சரியாக எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். யுத்தம் முடியவில்லை, அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது. அவ்வளவுதான் ஞாபகம்.

வீட்டில் மூன்று ஆம்பிளைகள். மாமனார் துரைசாமி, டிராம் வண்டியில் கண்டக்டராக இருந்து, முழங்கால் போனதால் வீட்டோடு வந்துவிட்டவர். மூத்த மகன் என் வீட்டுக்காரர், அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவர். இளையவன் ஏழுமலை, ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான்.

மாமியார் தனபாக்கியம் நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று மாமனார் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ரெண்டு வேளையும் மெஸ் சாப்பாடுதான்.

மெஸ் தெருமுனையில். ராவ்ஜி என்று ஒருத்தர் நடத்தினார். டிக்கெட் புத்தகமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சாப்பாடு. அங்கே பெண்பிள்ளைகள் போய் உட்காருவது வழக்கமில்லை. அதனால் எனக்கு மட்டும் எடுப்புச் சாப்பாடு. நாலு அடுக்குக் கேரியரில் வரும். புதுப்பெண் நடு வீட்டில் தனியாக உட்கார்ந்து கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு மெஸ் சாம்பார் சாப்பிட்ட கதையை நீங்கள் வேறெங்காவது கேட்டதுண்டா? நான் சாப்பிட்டேன். ரெண்டு மாசம் சாப்பிட்டேன். தினமும் பூசணிக்காய் சாம்பார். இன்றைக்கும் பூசணிக்காயைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. மாசம் பிறந்ததும் என் வீட்டுக்காரர் சம்பளத்தில் பாதிக்கு மேல் மெஸ்ஸுக்குப் போய்விடும். மாமனார் வேலையை விட்டபோது கையில் வந்த துட்டும் அங்கேதான் கரைந்துகொண்டிருந்தது. ஏழுமலைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட என் கம்மலைக் கேட்கிற நிலைமை வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அடுப்பங்கர சாவிய குடுங்க. மெஸ்ல நாலு பேருக்கு குடுக்கற துட்டுல நான் எட்டு பேருக்கு ஆக்கிப் போடுவேன்," என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முடிச்சு அப்படி இறுகிக் கிடந்தது.

"எலி கிலி இருக்கும். பாத்துத் தொற," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

புளியும் செங்கல் தூளும்

உள்ளே எலி இல்லை. பாத்திரங்கள்தான் இருந்தன, அடுக்கின அடுக்கு கலையாமல், பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி. வெண்கலப் பானை, பித்தளைத் தவலை, சொம்பு, டம்ளர் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. 'து. தனபாக்கியம்.'

பாத்திரத்தில் பெயர் வெட்டாத வீடு அப்போது எங்கே இருந்தது? கல்யாணம் காட்சிக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டாமா?

புளியும் செங்கல் தூளுமாக ரெண்டு நாள் தேய்த்தேன். கை எரிந்தது. அதிலும் அந்தப் பெயர் இருக்கிற இடத்தை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். மாமியார் பெயர் பளிச்சென்று தெரிந்தால் மாமனார் மனசு குளிரும் என்று என் நினைப்பு. அவர் எப்போதும் உட்காரும் இடத்தில் இலையைப் போட்டு, இருக்கிறதிலேயே அதிகமாக மின்னின டம்ளரைத் தேடி எடுத்து, பெயர் அவர் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

"சார், ரசம்!"

மகன்கள் ரெண்டு பேரும் அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்தார்களே தவிர, மெஸ்ஸை விட்டு வரவில்லை!

இலையில் சோறு விழுந்ததும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். மென்றார்களா, முழுங்கினார்களா, சாமிக்குத்தான் வெளிச்சம். நான் பொரியலை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் இலையை மடித்துவிட்டு எழுந்து நிற்பார்.

"இன்னாங்க இது, யாரு தொரத்தறாங்க?" என்று கேட்டேன் ஒரு நாள்.

அவர் முழித்தார். பிறகு தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்ல... அங்க அடுத்த ஆளு பின்னாடியே நின்னுகினு இருப்பான்," என்றார்.

ஏழுமலை அதற்கும் மேலே. புத்தகத்தைத் தொடை மேல் வைத்துப் படித்துக்கொண்டே சாப்பிடுவான். ஒரு நாள் கையை மட்டும் நீட்டி, "சார், ரசம்!" என்று கத்தினான். நான் சும்மா விடுவேனா? "சாருக்கு தூக்குல ரசம் தீந்து போச்சு, மோருக்கு வா," என்றேன். நிமிர்ந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

ராவ்ஜி மெஸ் சைவம். மூன்று வருஷமாக அந்த வீட்டில் மீன் வாசனை இல்லை. நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா கூடை காலியாகிற உச்சிவேளையில் வருவாள். மிச்சத்தைத் தலையில் சுமந்து திரும்பிப் போக அவளுக்கும் மனசிருக்காது. அப்போது பேரம் பேசி வாங்குவேன். மீன் இல்லாத நாளில் கருவாடு. கொல்லையில் முருங்கை மரம், அதற்குக் காசா பணமா? நொய்யில் கஞ்சி, வடித்த கஞ்சியில் இவர் சட்டைக்கு மொடமொடப்பு, பருப்பு வேகவைத்த தண்ணீரில் ரசம் என்று ஒன்றையும் வீணாக்கியதில்லை.

ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமையைக் கொட்டினார்களே, அதில்தான் முழித்தேன். சோறு மாதிரி உலையில் போட்டு வேகவைத்தேன். அது பசையாகி, அச்சாபீஸில் போஸ்டர் ஒட்டக் கொடுத்துவிடலாமா என்று இவர் கேலி பண்ணினார். பக்கத்து வீட்டுப் பாயம்மாதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "அரே பாவி, அத்த மாவா அரச்சிகினு வா. ரொட்டி தட்டித் தரேன்," என்றார்.

பாயம்மாவின் வீட்டுக்காரர் மெத்தை தைப்பவர். வீட்டுக்குள் உருது, எங்களிடம் மெட்ராஸ் தமிழ். பாயம்மா என் மாமியாருக்கு அந்தரங்கத் தோழி.

குழாயடிப் பேச்சு

மாமனார் மட்டும் மசியவில்லை. மத்தியானமானால் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவார். "மாமா, இன்னிக்கி வவ்வால் மீன் கொழம்பு," என்பேன். "இருக்கட்டும்மா, டிக்கெட் கீது. வீணாப்பூடும்," என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். அந்தப் புத்தகம் தீரும். அடுத்த நாள் பையில் புதுப் புத்தகம் இருக்கும்.

குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. "மருமவ ஆக்கறது வாயில வெக்க முடியலியாம், கெழவன் தெனம் மெஸ்ஸுக்கு ஓடுது," என்று என் காது படவே சொன்னாள் ஒருத்தி. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குடத்தை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்து அழத்தான் செய்தேன். அந்த மனுஷர் என் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அதைவிடப் பெரிய ஆசை எனக்கு அப்போது கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள், திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன்.

இதற்குள் மெஸ்ஸிலும் அரிசித் தட்டுப்பாடு. தினம் வருகிறவர்கள் தங்கள் ரேஷன் பங்கை அங்கேயே கொடுத்துவிட வேண்டும் என்று ராவ்ஜி ஏற்பாடு பண்ணினார். சோறும் கிண்ணத்தில் அளந்து ஒரே தரம்தான், மறுசோறு கேட்கக் கூடாது. மாமனாருடைய பங்கு அரிசி வீட்டை விட்டுப் போயிற்று, அவருக்கும் வயிறு நிறையவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. சாயங்காலத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பையிலிருந்து உடைத்த கடலையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார். நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

பாயம்மாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். முதல் நாள் நடந்ததை ஒன்று விடாமல் கேட்டார்.

"எந்த டம்ளர்ல தண்ணி வெச்ச?"

சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அல்லா! அது அறுபத்து மூவர் திருநாள் கடையில தனபாக்கியம் வாங்கினதுடி. நானும் கூடப் போனேன். எழுத்து கோணலா கீதுன்னு பேரு வெட்றவன்கிட்ட அவ போட்ட சண்டைக்கு கூட்டமே கூடிடுச்சு. அந்தப் பேர பாக்க முடியாமத்தான் மனுசன் பூட்டி வெச்சிகினு இருந்தாரு. நீ புளி போட்டுத் தேச்சி மூஞ்சிக்கு நேரா நீட்டிகிற."

சமையல் காரணமே இல்லை. அந்த மெஸ்ஸில் எந்தப் பாத்திரத்திலும் மாமியார் பெயர் இல்லை, அதற்காகத்தான் போகிறார். கண்ணாடி கிளாஸ் ஒன்று வாங்கி வைத்தேன். ஆனால் என்ன பிரயோசனம்? மனுஷர் வந்து உட்கார்ந்தால் அல்லவா?

டிராமில் நடந்த சண்டை

பாயம்மா இன்னொரு கதையும் சொன்னார்.

மாமனார் வேலையில் வெகு கண்டிப்பாம். டிக்கெட் இல்லாமல் ஈ, காக்கை வண்டியில் ஏற முடியாதாம். ஒரு நாள் லஸ்ஸில் மாமியாரே அவர் வண்டியில் ஏறியிருக்கிறார், ராயப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போக.

"டிக்கெட்," என்று வந்து நின்றாராம் இவர்.

"இன்னாய்யா, ஆளு தெரியலியா?"

"தெரியுது. டிக்கெட் எடு."

வண்டியே சிரித்ததாம். மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்து போனாராம். அன்று பொழுது சாய்ந்து இவர் வந்து இலை முன்னால் உட்கார்ந்தால் இலை காலி. "டிக்கெட் எடு, சோறு போடறேன்," என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாராம் அந்தம்மா. அந்த வாரம் முழுக்கக் காலணா வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாராம் மனுஷர்.

சொல்லிவிட்டுப் பாயம்மா சிரித்தார், அப்புறம் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். பாதி வழியிலேயே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது.

எங்கள் வீட்டு மெஸ்

என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் வெட்டிப் போட்ட ரோஸ் காகிதத் துண்டுகளை அடுப்பு பற்றவைக்கக் கொண்டுவருவார். அதில் நல்லதாகப் பத்துத் துண்டைப் பொறுக்கினேன். 'சாப்பாடு ஒன்று' என்று ஒவ்வொன்றிலும் எழுதி, முத்திரைக்கு மஞ்சளைக் குழைத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, நூலால் தைத்துப் புத்தகமாக்கினேன்.

"வெளையாடாதமே," என்றார் என் வீட்டுக்காரர். "நைனாவுக்கு கோவம் வந்தா அப்பால இந்த வூட்டுப் பக்கமே வராது."

அவர் சொன்னது எனக்கும் தெரியும். செத்துப்போன பெண்சாதியின் கேலியை எடுத்து அந்த மனுஷரிடமே காட்டப்போகிறேன். சிரித்தால் சிரிப்பார், இல்லையென்றால் எனக்கு அந்த வீட்டில் காலத்துக்கும் மரியாதை இல்லை. மத்தியானம் அவர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தபோது நான் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, நம்ம மெஸ்ல இன்னிக்கி வாளக் கருவாடு, முருங்கக் கீர. டிக்கெட் வோணுமா?"

அவர் என் கையைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கினார். ஒரு தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இன்னாது இது? நெம்பரே காணோம்?"

"எ... எழுதிடறேன் மாமா."

"எந்த ஸ்டேஜ் வரிக்கும்?"

எப்படித்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்ததோ! "மோர் வரிக்கும் மாமா. வோணும்னா ரசத்துலயே எறங்கிக்கலாம்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். இல்லை, சிரிக்கிறார். அந்த வீட்டுக்கு வந்து அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"பாயம்மா சொன்னாளா?"

"ஆமா மாமா."

"ஓட்ட வாயி," என்றார். பையிலிருந்து காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சட்டையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.

அன்று சாப்பிட்டார் பாருங்கள். அடேயப்பா! கருவாட்டு முள்ளைக்கூட விடவில்லை. நான் கண்ணாடி கிளாஸில் தண்ணீர் வைத்தேன். எடுத்துக் குடித்தார்.

வாடிக்கைக்காரர்

அதிலிருந்து தினமும் வந்தார். அவர் பங்கு அரிசியும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. குழாயடியும் வாயை மூடிக்கொண்டது. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். நான் மூலையைக் கிழிக்க மறந்தால் போதும், "கிழி, கிழி! நாளைக்கி அத்தயே குடுத்து ஏமாத்தினா இன்னா பண்ணுவ?" என்று சத்தம் போடுவார். ஏழுமலைக்கு ஒரே கொண்டாட்டம், "எனுக்கு ஸ்கூல் பாஸ் குடுங்க அண்ணி," என்பான்.

அந்தக் காசையெல்லாம் சேர்த்து வைத்து நகை வாங்கினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். விறகுத் தொட்டிக்குத்தான் போயிற்று. ஈர விறகை எடை போட்டு அந்தத் தொட்டிக்காரன் தின்ற காசுக்கு அளவில்லை.

எல்லாம் சரி. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. அவர் சுவரைப் பார்த்து, அடுப்பங்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். போதுமா என்று கேட்டால் தலையாட்டுவார். மறுசோறு கேட்டதே இல்லை. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சாப்பாடு, அதோடு சரி. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் வாடிக்கைக்காரர்தானே, மாமனார் ஆவாரா?

ஐப்பசி மாசத்து மழை. காலையிலிருந்து விடவில்லை, சந்தில் கணுக்கால் தண்ணீர். மகன்கள் ரெண்டு பேரும் இன்னும் வரவில்லை. மாமனார் கொல்லைப் பக்கமிருந்து நனைந்துகொண்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்பங்கரை வாசலில் நின்றார். வழக்கமாக நீட்டும் கை நீளவில்லை.

"டிக்கெட் தீந்துடுச்சும்மா."

"புதுசு தெச்சி வெச்சிகிறேன் மாமா. இந்தாங்க."

"வாணாம்."

மறுபடியும் மெஸ்ஸா? நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று யோசிப்பதற்குள் அவரே பேசினார்.

"நாப்பது வருசமா டிக்கெட் இல்லாதவன வண்டியில ஏத்தினதில்ல நானு. இன்னிக்கி நானே வித்தவுட்டா வந்துகிறேன். சோறு போடுவியா?"

"உக்காருங்க மாமா," என்றேன், அது அவருக்குக் கேட்டதோ என்னமோ. இலையைப் போட்டேன். அவர் அதை எடுத்து இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அடுப்பங்கரையைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார்.

கண்ணாடி கிளாஸில் தண்ணீர் வைத்தேன். அதை ஓரமாக நகர்த்தினார்.

"அது எங்க?"

எது என்று நான் கேட்கவில்லை. அரிசித் தவலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் குடிக்காத டம்ளர்தான். ஆனாலும் வியாழக்கிழமை மற்ற பாத்திரங்களோடு அதையும் எடுத்துத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பேன். நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். இந்தத் தடவை பெயரை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் டம்ளரைத் தன் பக்கம் திருப்பினார். கட்டை விரலால் அந்த எழுத்தின் மேல் ஒரு தரம் தடவினார். பிறகு தலையை அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"அவ தேச்சாகூட இவ்ளோ பளிச்சுனு இருக்காதும்மா," என்றார். பிறகு இலையில் இருந்த சோற்றைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா இவ்ளோதான் போட்டுகிற? இன்னும் ரெண்டு கரண்டி போடு."